கொசு இல்லாத மலையில் ஒரு கொசு மருந்துக்காரி

குருவம்மாள் சறுக்கி விழுந்தது 1973 ஆடியில். சித்திரபுரத்துக்கு மேலே வெள்ளிமுடி எஸ்டேட்டில், ஏழாம் நம்பர் காட்டின் சரிவில், முதுகில் கொழுந்துக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தவள் மழைச் சகதியில் கால் வழுக்கி, இரண்டு வரிசைத் தேயிலைச் செடி தாண்டிப் போய் விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தூக்க ஓடிவந்த பெண்களிடம் அவள் முதலில் சொன்னது, "என்னைய அப்புறம் தூக்கலாம்டி, கொழுந்து சிந்துது பாருங்க" என்பதுதான்.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கை வேலை செய்யும்போது வாயும் கூடவே வேலை செய்ய வேண்டும் அவளுக்கு. கங்காணி நடப்பதுபோல் நடந்து காட்டுவாள். மேனேஜர் துரையின் நாய் தும்முவதுபோல் தும்மிக் காட்டுவாள். அவள் நிற்கிற வரிசையில் நிற்பதற்குப் பெண்களுக்குள் போட்டியே நடக்கும். புருஷன் நல்லதம்பி பாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன், அதிகம் பேசாத மனிதன். "ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்று மட்டும் எப்போதாவது சொல்லுவான்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, எட்டு வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் வார்டில் பத்துக் கட்டில். பத்திலும் ஆள் இருந்தது, ஆனால் பேச்சு இல்லை. ஒவ்வொருத்தியும் கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூரைத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடி கிடந்தாள். தலைமை நர்ஸ் செபமாலையம்மாளுக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். நாகர்கோயில் பக்கத்துக்காரி. வார்டுக்குள் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் இருமல்கூட நின்றுவிடும்.

குருவம்மாள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். இரண்டாம் வாரம் சோறு கொண்டுவந்த புருஷனிடம், "நாளைக்கு வரும்போது நாலு புளியங்கொட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள். நல்லதம்பி எதற்கென்று கேட்கவில்லை, எடுத்துவந்தான். அவற்றை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிற வரை சுவரில் வைத்துத் தேய்த்தாள். கரகரவென்ற சத்தம் கேட்டுச் செபமாலையம்மாள் வந்து நின்றாள்.

"என்ன பிள்ளே இது, சுவரையாக்கும் சுரண்டுதே?"

"கை மரத்துப்போச்சு சிஸ்டரம்மா. ரத்தம் ஓடட்டும்னு தேய்க்கேன்."

"முறிஞ்சது காலாக்கும். கைக்கு என்ன வந்தது?"

"காலுக்குத் துணையா அதுவும் படுத்துக்கிச்சு."

பக்கத்துக் கட்டில்காரி கம்பளிக்குள் இருந்தபடியே சிரித்துவிட்டாள். அந்த வார்டில் பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மறுநாள் கட்டிலில் விரித்த துண்டில் கரியால் கட்டம் போட்டு, பக்கத்துக் கட்டில்காரியோடு தாயம் ஆடினாள். அதற்கு அடுத்த நாள் நாலு பேர் ஆடினார்கள். ஐந்தாம் கட்டிலில் மாரித்தாய் என்று ஒருத்தி. தோள்மூட்டு விலகி, திரும்பப் பொருத்தி, கட்டும் அவிழ்த்தாகிவிட்டது. ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டேன் என்கிறாள். தினமும் இருபது தடவை தூக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. "ஆகட்டும் சார்" என்பாள். டாக்டர் தலை மறைந்ததும் கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொள்வாள்.

குருவம்மாள் ஜன்னல் கம்பியின் உச்சியில் காலி பால்பவுடர் டின் ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் செய்தாள். கிழிந்த சேலைத் துணியைப் பந்தாகச் சுற்றி, டின்னுக்குள் விழுகிற மாதிரி எறிய வேண்டும் என்றாள். அவரவர் நல்ல கையால் எறிந்தார்கள். மாரித்தாய் இடது கையால் எறிந்து எறிந்து தோற்றாள். அவளுக்கு ரோஷம் அதிகம். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வலது கைக்குப் பந்தை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். பந்து டின்னுக்குள் விழுந்தது. ஊரே கேட்கும்படி கத்தினாள்.

வாசலில் டாக்டர் மத்தியாஸ் நின்றுகொண்டிருந்தார். ஆலப்புழைக் கடற்கரையில் பிறந்த முப்பது வயது இளைஞர். அந்த வருஷம்தான் மலையேறி வந்தவர். இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்.

"மாரித்தாயே, கை பொங்கியல்லோ!" என்றார். மலையாளத்தில் பொங்குவது என்றால் உயர்வது.

"கை என்ன பாலா சார், பொங்குறதுக்கு?" என்றாள் குருவம்மாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மாரித்தாயின் தோளைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி எறியச் சொன்னார், டின்னைப் பார்த்தார், குருவம்மாளைப் பார்த்தார். பிறகு எதையோ யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

எட்டு வாரம் கழித்து குருவம்மாள் கம்பு ஊன்றி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினாள். அவள் போன மறுநாளே வார்டில் எல்லோரும் மறுபடி கம்பளிக்குள் போய்விட்டார்கள். டாக்டர் ஒரு மாதம் பார்த்தார். பிறகு மேனேஜர் துரையிடம் போய், அந்தப் பெண் தனக்கு ஆஸ்பத்திரியில் வேண்டும் என்றார்.

"நர்ஸா?"

"அல்ல."

"ஆயாவா?"

"அதுவும் அல்ல. நோயாளிகளோடு களிக்கணும்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். விளையாடுவதற்குச் சம்பளம் கொடுத்தால் எஸ்டேட்டில் ஒரு செடியில்கூடக் கொழுந்து எடுக்க ஆள் இருக்காது என்றார். ஆனாலும் டாக்டர் விடவில்லை. கடைசியில் பெரிய கிளார்க் சுவக்கீனைக் கூப்பிட்டு, கம்பெனி ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியலில் எந்த இடமாவது காலியாக இருக்கிறதா பார் என்றார் மேனேஜர். சுவக்கீன் பட்டியலை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். கொசு மருந்து அடிக்கிற ஆள்" என்றார்.

அந்தக் கம்பெனிக்குக் கீழ்நாட்டில் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. அங்கே கொசு மொய்க்கும். எல்லா எஸ்டேட்டுக்கும் ஒரே பட்டியல் என்பதால் வெள்ளிமுடிக்கும் ஒரு கொசு மருந்துக்காரர் ஒதுக்கியிருந்தார்கள். ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரில் கொசு வந்தால் அதற்கும் ஒரு கம்பளி கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த இடம் ஆறு வருஷமாகக் காலியாகவே கிடந்தது.

1974 தை மாதம் குருவம்மாள் கொசு மருந்துக்காரியாக வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்டோரில் அவளுக்கு ஒரு காக்கிக் கோட்டும் தோளில் மாட்டுகிற பித்தளைப் பம்பும் கொடுத்து, கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடு என்று வாங்கிக்கொண்டார்கள். லயத்தில் நல்லதம்பியை அன்றிலிருந்து, "என்ன அண்ணே, நேத்து எத்தன கொசு விழுந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் பேசாத மனிதன்தானே, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான்.

பம்பை மூலையில் போட மனம் வரவில்லை குருவம்மாளுக்கு. அதில் தண்ணீர் நிரப்பி, கை முறிந்து தேறிவருகிறவர்களிடம் கொடுத்து, வராந்தாவில் இருந்து முற்றத்து டேலியாச் செடிகளுக்கு அடிக்கச் சொன்னாள். யார் அடிக்கிற தண்ணீர் கடைசிச் செடி வரை போகிறதோ அவர் ஜெயித்தவர். பம்புக் கைப்பிடியை மேலும் கீழும் இழுப்பதில் முழங்கை நன்றாக மடங்கி நிமிர்ந்தது. செடிகளும் நன்றாக வளர்ந்தன. ஒருநாள் தண்ணீர் கடைசிச் செடியையும் தாண்டிப்போய், அந்தப் பக்கமாக வந்த செபமாலையம்மாளின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டது.

"ஆஸ்பத்திரியாக்கும் இது! கொடியேத்துத் திருவிழா இல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆண்கள் வார்டே கம்பளிக்குள் புகுந்துகொண்டது. "எனக்க வார்டில ஆளுங்க படுத்துக் கிடக்கணும். படுத்தாத்தான் நோவு தீரும். கேட்டியா?"

"படுத்தே கிடந்தா நோவு தீர்ந்திரும் சிஸ்டரம்மா. பெறவு எந்திரிக்க மறந்திருமே."

செபமாலையம்மாள் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு போனாள். ஆனால் அன்றிலிருந்து குருவம்மாள் எப்போது தவறு செய்வாள் என்று காத்திருந்தாள். ரொம்ப நாள் காத்திருக்க வேண்டி வரவில்லை.

சித்திரபுரம் கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பொன்ராஜ் என்ற லைன்மேன் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்தான். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தான். குருவம்மாளுக்கு அப்படி ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. நல்லதம்பி முதன்முதலாக அந்தக் காக்கிக் கோட்டில் அவளைப் பார்த்துவிட்டு, லயத்துக்குப் போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்த கதையை நடித்துக் காட்டினாள். கோழி கொத்துகிறது, சத்தம் போட முடியவில்லை, அவன் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறான்.

பொன்ராஜ் முதலில் உதட்டைக் கடித்தான். பிறகு வயிற்றைப் பிடித்தான். பிறகு, "அம்மா, வேணாம், நிப்பாட்டுங்க" என்றபடியே சிரித்தான். சிரிப்போடு ஒரு அலறல் வந்தது. இரண்டு தையல் பிரிந்துவிட்டது.

டாக்டர் ஓடிவந்து மறுபடி தைத்தார். அன்று மத்தியானம் முழுக்க குருவம்மாள் வராந்தாக் கோடியில் உட்கார்ந்து அழுதாள். ஊரைச் சிரிக்க வைத்தவள் அழுததை எஸ்டேட்டில் அன்றுதான் பார்த்தார்கள். டாக்டர் அறைக்குக் கூப்பிட்டபோது காக்கிக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

"நான் கொழுந்துக்கே போயிருதேன் டாக்டரய்யா. எனக்கு வெளாட்டு மட்டும்தான் தெரியும். மனுசன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

"தப்பு என்டேதாணு" என்றார் மத்தியாஸ். "மருந்துன்னா அதுக்கு அளவு வேணும். ஆருக்கு எத்தரன்னு நான் உனக்குப் பறஞ்சு தந்தில்ல."

செபமாலையம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் காத்திருந்த தவறு நடந்தாகிவிட்டது. இருவரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் சொன்னது யாரும் எதிர்பாராதது.

"நான் ஒரு குளிகை கொடுத்தாலும் சீட்டில எழுதுதேன். ஊசி போட்டா எழுதுதேன். இவ கொடுக்கியது மட்டும் ஏன் எழுதல்ல? மருந்துன்னா எழுதணும். எழுதாட்டி அது மருந்து இல்ல, கூத்து. இவ போகண்டாம், எழுதட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் காய்ச்சல் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டுத் தொங்கியது. எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு நேரம், வலித்ததா, மறுநாள் எப்படி. குருவம்மாள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டுவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் படம் போட்டாள். தாயத்துக்கு ஒரு புளியங்கொட்டை, பந்துக்கு ஒரு வட்டம், பம்புக்கு ஒரு பம்பு. வலித்தால் படத்துக்கு மேலே வாய் கோணிய முகம். செபமாலையம்மாள் தினமும் சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சீட்டுகளைப் படித்து, பேனாவால் திருத்துவாள். "இது முழங்கையா, முழங்காலா? ஒழுங்கா வரை பிள்ளே." இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புது வைத்திய முறையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொரு விதியும் வந்தது. வயிற்றில் தையல் உள்ளவர்களின் கட்டிலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சிவப்பு ரிப்பன் என்றால் சிரிக்க வைக்கக் கூடாது. குருவம்மாள் அந்தக் கட்டில்களைத் தாண்டும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, சாவு வீட்டுக்குப் போகிறவள்போல நடப்பாள். அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் ரிப்பன் கட்டிய கட்டில்களை வேறு அறைக்கே மாற்றிவிட்டார் டாக்டர்.

ராக்கப்பன் வந்தது 1976 புரட்டாசியில். பாக்டரியில் தேயிலை உருட்டுகிற மெஷினில் வலது கை சிக்கி, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. மிச்சம் மூன்று. நாற்பது வயது. வேலை நேரம் போக, எஸ்டேட் கால்பந்து மேட்சுகளுக்கெல்லாம் அவன்தான் ரெஃப்ரி. சொந்த மச்சான் பந்தைக் கையால் தொட்டாலும் விசில் ஊதுவான். ஒரு தரம் மேனேஜர் துரையையே மைதானத்தை விட்டு வெளியே போகச் சொன்னவன்.

அந்த ராக்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் திரும்பவே இல்லை. இருபது நாளாயிற்று. பேச்சில்லை. மனைவி சந்தனம் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவான். புண் ஆறிவிட்டது, ஆனால் அந்தக் கையைக் கம்பளிக்கு வெளியே எடுக்க மாட்டான். மிச்சமிருக்கிற விரல்களை அசைக்காவிட்டால் அவை விறைத்து அப்படியே நின்றுபோகும் என்று டாக்டர் தினமும் சொன்னார். சுவரிடம் சொல்வதுபோல்தான் இருந்தது.

குருவம்மாள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். துணிப்பந்தை அவன்மேல் எறிந்தாள். பந்து கம்பளிமேல் கிடந்தது. பம்பைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தாள். அது அங்கேயே இருந்தது. துரையின் நாயாகத் தும்மினாள். மற்றக் கட்டில்களெல்லாம் சிரித்தன, அந்த ஒரு முதுகு மட்டும் அசையவில்லை. சீட்டில் அவனுக்கு வரைய ஒன்றுமில்லாமல் வெறும் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். செபமாலையம்மாள்கூட அந்தக் கோடுகளைத் திருத்தவில்லை.

"எம் புருசன் இனி இப்படியேதானா அக்கா?" என்று சந்தனம் கேட்டாள்.

குருவம்மாள் மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்தாள். "வா, ஒரு ஆட்டம் போடுவோம். உனக்காச்சும் மனசு லேசாகட்டும்" என்றாள். ராக்கப்பன் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து இருவரும் தாயம் ஆடினார்கள்.

சந்தனம் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்திருந்தாள் குருவம்மாள். அவளோ மூன்று நாளாக ஜெயித்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் அவளுடைய காய்களில் மூன்று, கட்டத்தைச் சுற்றி முடித்துப் பழமாகிவிட்டன. குருவம்மாளின் கடைசிக் காய் கட்டத்துக்குள் இறங்கவே தாயம், அதாவது ஒரே ஒரு வெள்ளை, விழ வேண்டும். புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட்டாள். இரண்டு வெள்ளை விழுந்தது. அதாவது இரண்டு. சந்தனம் மூக்கைச் சிந்தத் திரும்பிய அந்த ஒரு நொடியில் குருவம்மாள் சுண்டுவிரலால் ஒரு கொட்டையைப் புரட்டிவிட்டு, "தாயம்!" என்றாள்.

"தாயம் இல்ல!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராக்கப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு! ரெண்டு விழுந்துச்சு! நான் கண்ணால பார்த்தேன். ஒண்ணைப் புரட்டிவிட்டா இவ!"

"ஆரு? நானா?" என்றாள் குருவம்மாள். "நீங்கதான் செவத்தைப் பார்த்துப் படுத்திருந்தீகளே அண்ணே. உங்களுக்கு முதுகுல கண்ணா?"

"நேத்தும் ஏமாத்துனே! முந்தாநேத்து அஞ்சு கட்டம் போக வேண்டிய காயை ஆறு வெச்சே! இவ ஒரு வெள்ளந்தி, இவளைப் போட்டு..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கட்டத்தைத் தூக்கி இங்கன வைங்க. இனி நான் ஆடுதேன்."

சந்தனம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். குருவம்மாள் துண்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். அவன் இடது கையால் கொட்டைகளை அள்ளினான்.

"அண்ணே, நீங்க ரெஃப்ரி. ரூல் தெரியாம இருக்குமா? இந்த வார்டுல எந்தக் கை நோவுதோ அந்தக் கையாலதான் உருட்டணும்."

"அப்படி எங்கன எழுதியிருக்கு?"

"ஒவ்வொரு கட்டில்லயும் எழுதித் தொங்குது, பாருங்க."

அவன் பக்கத்துக் கட்டில் சீட்டைப் பார்த்தான். உண்மையாகவே முறிந்த கைக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை படம் இருந்தது. விதி என்றால் விதி. கம்பளிக்குள்ளிருந்து அந்தக் கை மெல்ல வெளியே வந்தது. முதல் தடவை கொட்டைகள் விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்தன. இரண்டாம் தடவையும் விழுந்தன. ஏழாவது தடவை, மூன்று விரலும் கூடி, நாலு கொட்டையையும் பிடித்து உருட்டின. விழுந்தது எட்டு. அன்று குருவம்மாள் அவன் சீட்டில் வரைந்த புளியங்கொட்டை, சீட்டின் பாதியை அடைத்துக்கொண்டது.

மறுநாள் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொள்ளாம்! அவன்டே தேஷ்யத்தை, கோபத்தை எழுப்பணும்னு நீ எங்கனே திட்டம் போட்டே?"

"திட்டமா? இல்ல டாக்டரய்யா." குருவம்மாள் தரையைப் பார்த்தாள். "தோத்துக்கிட்டே இருந்தேன். வெக்கமாப் போச்சு. அதான் ஏமாத்துனேன்."

மத்தியாஸ் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதை எப்படிச் சீட்டில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

ராக்கப்பன் ஆறு வாரத்தில் மூன்று விரலால் டம்ளர் பிடித்தான், பொத்தான் போட்டான். பாக்டரியில் அவனுக்கு வாசலில் ஆள் வருகை எழுதுகிற வேலை கொடுத்தார்கள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் எழுதிவிடுவான் என்று எல்லோரும் குருவம்மாளைத்தான் திட்டினார்கள்.

அடுத்த வருஷம், மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து இன்பமேரி என்ற பெண் வந்தாள். கை கால் பயிற்சி கொடுப்பதில் பட்டம் வாங்கியவள். மத்தியாஸ் கடிதம் எழுதி வரவழைத்திருந்தார். இரண்டு நாள் வார்டில் உட்கார்ந்து சீட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள். புறப்படும்போது குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க செய்றதுக்கு வெளிநாட்டுல பேர் இருக்கு. ரிக்ரியேஷன் தெரபின்னு சொல்றாங்க. அதுக்குன்னே காலேஜ்ல நாலு வருஷம் படிக்கிறாங்க."

"நாலு வருசமா? வெளாடவா?" குருவம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "பாவம். அந்த ஊர்ல கூடப் பெறந்ததுக இல்லாம தனியா வளர்ந்த பிள்ளைகளா இருக்கும்."

1978-இல் அந்த ஆஸ்பத்திரி நடத்திய மூன்று மாதப் பயிற்சிக்கு டாக்டர் அவளை அனுப்பினார். நாற்பத்தொரு வயதில், இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். சதைகளின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. பரீட்சையில் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, இது பந்து எறியிற சதை, இது பம்பு அடிக்கிற சதை, இது சொல்பேச்சுக் கேட்காத சதை என்று சொன்னாள். பரீட்சை வைத்த பெரிய டாக்டர் மூன்றாவது எது என்று இன்னொரு தரம் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். பாஸ் போட்டுவிட்டார்.

சான்றிதழோடு திரும்பி வந்ததும் மத்தியாஸ் கம்பெனிக்கு எழுதினார். இனிமேலாவது இவளுக்கு உரிய பெயரில் ஒரு வேலை வேண்டும் என்று. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பட்டியலில் அப்படி ஒரு வேலை இல்லை, இப்போதுள்ள வேலையிலேயே தொடர்வதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை.

பதிலுக்குப் பின்னாலேயே கம்பெனியின் சுகாதார ஆபீசர் ஒருவரும் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லா எஸ்டேட்டிலும் கொசு ஒழிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கிறாராம். சுவக்கீன் வேர்த்துப்போய் ஓடிவந்து சொன்னார். குருவம்மாள் காக்கிக் கோட்டை மாட்டி, பம்பைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் விறைப்பாக நின்றாள். பின்னால் ஜன்னல்களில் பத்துப் பன்னிரண்டு தலைகள். செபமாலையம்மாள் வாசல்படியில்.

ஆபீசர் நோட்டைத் திறந்தார். "எத்தன வருஷமா இந்த வேலை பாக்குறே?"

"அஞ்சு வருசம் சார்."

"பம்பை ஒழுங்கா உபயோகிக்கிறியா?"

"தினமும் சார். ஒருநாள் தப்பாது."

அது பொய்யில்லை. ஆபீசர் வார்டுக்குள் போனார், கட்டிலடியில் குனிந்தார், சாக்கடையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு கொசு இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் மாதக்கணக்கில் கொசுவோடு போராடிவிட்டு வந்த மனிதர். கண்ணை நம்ப முடியவில்லை அவருக்கு.

"இந்த வருஷம் ஒண்ணுகூட இல்லையா?"

"நான் சேர்ந்த நாளா ஒண்ணுகூட இல்ல சார்."

ஜன்னலில் யாரோ களுக்கென்று சத்தம் செய்தார்கள். ஆபீசர் நோட்டில் நீளமாக எழுதினார். இரண்டு மாதம் கழித்து, கம்பெனியின் இருபத்தாறு எஸ்டேட்டுகளிலும் மிகச் சிறந்த கொசு ஒழிப்புக்காக எஸ். குருவம்மாளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. தங்க நிற எழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. மேனேஜரே கொண்டுவந்து வார்டில் வைத்துக் கொடுத்தார். அவர் படித்து முடிக்கும்வரை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். முதலில் உடைந்தது செபமாலையம்மாள்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இருபது வருஷ சர்வீஸில் அவள் பல் வரிசையை அன்றுதான் பார்த்தது ஆஸ்பத்திரி. யாரோ ஓடிப்போய் ஒரு சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து அவள் நாற்காலியில் கட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

மேனேஜருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பேர் என்னவா வேணும்னாலும் இருக்கட்டும் குருவம்மா. இனி உன்னை யாரும் எடுக்க முடியாது. இருபத்தாறு எஸ்டேட்ல முதல் ஆளு."

அந்தச் செய்தி மலை முழுக்கப் போயிற்று. செய்தியோடு உண்மையும் சேர்ந்தே போயிற்று. கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளிகளுக்காகப் பங்கு சாமியார்கள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. மாதத்தில் ஒரு வாரம் அந்த அம்மாவை அனுப்ப முடியுமா, எங்களுக்கும் கொசு ஒழிக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். மத்தியாஸ் சம்மதித்தார். நல்லதம்பி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தான். பஸ் கிளம்பும்போது, "பாத்துப் பேசு. புது ஊரு" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

கம்பம்மெட்டில் காற்று பலமாக அடித்தது. வார்டில் எட்டுக் கட்டில். எட்டுப் பேரும் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார்கள். கூட வந்த நர்ஸ், இவர்தான் வெள்ளிமுடியிலிருந்து வந்திருக்கிற பயிற்சியம்மா என்று சொன்னாள். ஒரு தலையும் திரும்பவில்லை.

குருவம்மாள் ஒரு முக்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டாள்:

"இந்த வார்டுல ரொம்பக் கொறட்டை விடுறது ஆரு?"

போர்வைகளுக்குள்ளிருந்து ஏழு கைகள் நீண்டன. எல்லாம் மூன்றாம் கட்டிலைக் காட்டின.

மூன்றாம் கட்டில்காரர், இடுப்பு முறிந்து இரண்டு மாதமாக எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்திருந்த சிலுவைராஜ் என்ற மனிதர், முழங்கையை ஊன்றி எழும்பினார்.

"நானா? ஆருடா சொன்னது? நானா கொறட்டை விடுதேன்?"

"நல்லா நிமிந்து உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்று குருவம்மாள் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் கேட்டுக்கிடுதேன்."